முப்பத்தொன்று

பத்தாந்திகதி மாலை சவரிநாயகம் அழைத்தார்.
மேல் டிவிஷனில் மூன்று சம்பளச் சீட்டை
வங்கி திருப்பிவிட்டதாம்.
போன மாதமும் மூன்று. அதற்கு முந்தி நான்கு.
ஒருமுறை வந்த பேர் மறுமுறை வரவில்லை.

சங்கத் தலைவர் பட்டியலைப் பிடித்துக்கொண்டு
சந்தா கட்டாதவர்களைத் தேடினாராம்.
துரை, ரேகை தேய்ந்த விரல்களைத் தேடினாராம்.
பூசாரி கிழமை பார்த்தாராம்.
"நீங்களும் ஒருக்கா கம்ப்யூட்டர்ல பாருங்க பிள்ளை" என்றார்,
பூசாரிக்கும் பிறகு என்னிடம் வந்தவர்.

தலவாக்கலையில் டயர்க் கடைக்கு மேல் என் அறை.
மழை ஓட்டில் விழ விழ
சீட்டுகளைத் திறந்தேன்.
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு முத்திரை எண்:
எழுபத்தேழு இலக்கம், சிலதுக்கு எழுபத்தெட்டு.
வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினால்
முடிப்பதற்குள் ரயில் வட்டகொடை தாண்டிவிடும்.
வங்கி அதை முழுசாய் வாங்காது.
பைட் பைட்டாய்க் கேட்கும்,
பெரிய இடம் முன்னால்,
முப்பத்திரண்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

எண்ணைத் துண்டாக்கும் நிரலுக்கோ ஒரு பயம் உண்டு.
முதல் பிட் ஒன்றாக இருந்துவிட்டால்
படிக்கிறவர் அதைக் கழித்தல் குறி என்பார்,
மொத்தத்தையும் கடன் என்பார்.
அதனால் பாதிச் சீட்டுகளுக்கு
முன்னால் ஒரு பூச்சியத்தைக் காவலுக்கு நிறுத்தும்.
முப்பத்துமூன்று.

அந்தக் காவலை நீக்க
மாசியில், இரவு இரண்டு மணிக்கு,
கித்துள் கருப்பட்டியைக் கடித்துப் பிளேன்டீ குடித்தபடி
நான்தான் ஒரு வரி எழுதினேன்:
முன்னால் நிற்கும் பூச்சியங்களை எல்லாம் எடுத்துவிடு.

எல்லாம்.

இருநூற்றைம்பத்தாறு சீட்டில் ஒன்றுக்கு
முதல் பைட்டே பூச்சியமாய் அமையும்.
அது காவலாள் இல்லை,
அந்த எண்ணின் சொந்த உடம்பு.
என் வரிக்கு ஆள் வித்தியாசம் தெரியாது.
வெட்டியது. மிச்சம் முப்பத்தொன்று.

தோட்டத்தில் எழுநூற்று அறுபத்தெட்டுப் பேர்.
வகுத்துப் பார்த்தேன்.
மூன்று.
சந்தா இல்லை, விரல் இல்லை, கிழமை இல்லை.

விடியப் பிரட்டில்
வரிசையின் முதல் ஆள் வரவில்லை என்பதற்காக
மற்ற எல்லோரும் ஓரடி முன்னால் தள்ளி நின்றால்
கூப்பிடுகிற பேர் ஒவ்வொன்றும்
வேறொருத்தி தலையில் விழும்.
வராதவளின் இடம் வராதவளுடையது.
அதைக் காலியாக விட்டு
காலி என்று எழுதவும் வேண்டும்.

புதிதாக எழுதினேன்.
முதலில் முப்பத்திரண்டு பூச்சியத்தைப் பாயாக விரி.
எண்ணை வலக்கோடியிலிருந்து அடுக்கிக்கொண்டு வா.
எட்டாத இடத்தில் பூச்சியம் கிடந்தபடியே கிடக்கட்டும்.
நாலு வரி. முந்தியது ஒரே வரி,
அதில் எனக்கு அன்று கொஞ்சம் பெருமையும் இருந்தது.
பத்தாயிரம் எண்ணை ஓட விட்டேன்.
ஒன்றும் குறையவில்லை.
கீழே கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள்.

மறுநாள் தவமலர் பேசினார், மூன்று பேரில் ஒருவர்,
சவரிநாயகத்தின் போனில்.
"கொழுந்து நிறுவை குறைஞ்சா
அரைப்பேர் போடுவாங்க, அது தெரியும்.
எனக்கு இருபத்தொரு நாளும் முழுப்பேரு.
நான் எதுல குறைஞ்சேன்?"

நீங்கள் குறையவில்லை என்றேன்.
உங்கள் எண்ணுக்கு முன்னால் ஒரு பூச்சியம் இருந்தது,
நான் அதை அழித்துவிட்டேன் என்றேன்.

கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம்.
"பூச்சியந்தானே," என்றார்,
"அதுல என்னா இருக்கு?"

பிறகு, நான் வாய் திறக்கும் முன்பே,
"கடையில அஞ்சு நாள் பாக்கி நின்னுச்சு" என்றார்.